ஃபிளாரன்ஸில் படிக்கப் போகும் கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு: காகிதமும் சுவரும்

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் உள்ள உஃபிட்சி கலைக்கூடத்தின் டிக்கெட் கவுன்ட்டரில், இருபது வயது தாண்டிய மூன்று புதுச்சேரி மாணவர்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். மூவருக்கும் மூன்று விலை. முதலாமவரிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன், 25 வயதைத் தாண்டாதவர் என்பதால் 2 யூரோ. இரண்டாமவர் இந்தியர், ஆனால் ஃபிளாரன்ஸ் நுண்கலை அகாதெமியில் சேர்ந்திருப்பவர். நுண்கலை, கட்டடக்கலை, கலை வரலாறு, தொல்லியல், பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு படிப்பவர்களுக்கு இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். மூன்றாமவரும் இந்தியர், அதே ஊரில் மேலாண்மை படிக்கிறார். அவர் கட்ட வேண்டியது முழுக் கட்டணம், சுமார் 25 யூரோ.

இலவசம் என்று சட்டம் சொன்னாலும் கவுன்ட்டரில் நிற்பவர் கேட்பது நடப்புக் கல்வியாண்டின் பதிவுச் சான்று. பல கல்லூரி அடையாள அட்டைகளில் படிப்பின் பெயர் இருக்காது. அதைக் காட்டி, இலவச நுழைவு கிடைக்காமல் திரும்பி வருபவர்கள் உண்டு. படிப்பின் பெயரும் ஆண்டும் உள்ள சான்றை அச்செடுத்துப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். கையில் இருக்கும் காகிதம்தான் அந்த ஊரின் கலையை எவ்வளவு நேரம், எத்தனை முறை பார்க்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தக் காகிதத்தின் பெரும்பகுதியை இங்கிருந்தே சரிசெய்துவிட முடியும். சுற்றுலாப் பயணிக்கு இல்லாத ஒரே செல்வம் மாணவருக்கு உண்டு, அது நேரம். முதல் மூன்று மாதத்தை அலுவலக வரிசையில் தொலைத்துவிட்டால் அதுவும் போய்விடும்.

எங்கே சேர்வது என்பதில் முதலிலேயே தெளிவு வேண்டும். ஓவியம், சிற்பம், அச்சுக்கலை செய்ய விரும்புபவருக்கு நுண்கலை அகாதெமி. 1784-ல் இன்றைய வடிவம் பெற்ற அரசு நிறுவனம். மூன்றாண்டு முதல்நிலை, இரண்டாண்டு இரண்டாம்நிலை என்று பிரிந்திருக்கும். அரியாங்குப்பத்தில் உள்ள பாரதியார் பல்கலைக்கூடத்தில் இளங்கலை நுண்கலை முடித்தவர்கள் இரண்டாம்நிலைக்கு முயலலாம். கலை வரலாறு படிப்பவருக்கு ஃபிளாரன்ஸ் பல்கலைக்கழகம். இரண்டிலும் பெரும்பாலான வகுப்புகள் இத்தாலிய மொழியில்தான். பொதுவாக பி2 நிலைத் தேர்ச்சி, அதாவது ஐரோப்பிய மொழித்தேர்ச்சி அளவீட்டில் ஆறில் நான்காம் படி, கேட்பார்கள். ஆங்கிலத்தில் நடத்தும் தனியார் பள்ளிகள் ஏராளம், கட்டணமும் ஏராளம். அவற்றில் சேருமுன் அந்தப் பள்ளி தரும் சான்று இத்தாலியக் கல்வி அமைச்சகம் ஏற்கும் பட்டமா, வெறும் பயிற்சிச் சான்றா என்று பார்க்க வேண்டும். பட்டமாக இல்லாவிட்டால் அரசு உதவித்தொகை கிடைக்காது, அருங்காட்சியக இலவச நுழைவும் உறுதியில்லை.

புதுச்சேரியில் பள்ளியிலோ பிரெஞ்சு மொழி மையத்திலோ பிரெஞ்சு படித்தவர்களுக்கு இத்தாலியம் பாதி திறந்த கதவு. ஆண்பால் பெண்பால் பெயர்ச்சொற்கள், துணைவினையோடு வரும் இறந்தகாலம் எல்லாம் பழகியவையே. ஆனாலும் பிரெஞ்சை நம்பி இத்தாலியத்தைக் கடைசி மூன்று மாதத்துக்குத் தள்ளிவைத்தால் பி2 வராது. வாசிப்பு வந்துவிடும், பேச்சு வராது. வீட்டு உரிமையாளரிடமும், வசிப்பு அனுமதிக்காகப் போகும் காவல் அலுவலகத்திலும் தேவைப்படுவது பேச்சுதான்.

இனிஷியல் என்னும் சிக்கல்

இத்தாலியப் படிவங்கள் எல்லாவற்றிலும் இரண்டு கட்டங்கள் இருக்கும்: இடப்பட்ட பெயர், குடும்பப் பெயர். நம் பக்கத்து மதிப்பெண் பட்டியலில் இருப்பதோ 'கு. செந்தமிழ்' என்ற ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் ஒவ்வோர் அலுவலகமும் தனக்குத் தோன்றியபடி நிரப்பும். பல்கலைக்கழகத்தில் ஒரு விதம், வசிப்பு அனுமதியில் இன்னொரு விதம், வங்கியில் மூன்றாவது விதம்.

இது வெறும் எழுத்துப் பிழையாக நின்றுவிடாது. இத்தாலியில் யாரும் அசைய வேண்டுமானால் கோதிச்சே ஃபிஸ்காலே என்ற 16 எழுத்து-எண் வரி அடையாளம் வேண்டும். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, செல்பேசி எண், உதவித்தொகை எல்லாம் அதன்மேல் நிற்பவை. அதன் முதல் மூன்று எழுத்துகள் குடும்பப் பெயரிலிருந்தும் அடுத்த மூன்று இடப்பட்ட பெயரிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. பிறகு பிறந்த ஆண்டு, மாதம், நாள், பிறந்த நாட்டின் குறியெண். இரண்டு பெயர்களும் இடம் மாறினாலே வேறொரு அடையாளம் உருவாகிவிடும். ஒரே ஆளுக்கு இரண்டு அடையாளம் இருந்தால் உதவித்தொகைப் பணம் கணக்கில் ஏறாது. ஆகவே விண்ணப்பம் தொடங்கும் முன்பே இனிஷியலை விரித்து, தந்தை பெயரையோ தாய் பெயரையோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்வது நல்லது. சான்றிதழில் இருப்பவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒருவரே என்ற நோட்டரி உறுதிமொழியையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது அப்போஸ்தில், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாடுகளுக்கு உறுதிசொல்லும் முத்திரை. கல்விச் சான்றுகளுக்கு முதலில் மாநில அரசு சான்றொப்பம் தரும், பிறகு வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்தில் ஒட்டும். இதற்கான அமைச்சக அலுவலகம் சென்னையிலேயே உண்டு. மனுக்களை அங்கீகரிக்கப்பட்ட முகமைகள் வழியாகத்தான் வாங்குவார்கள். நம் பகுதிக்கே உரிய குழப்பம் ஒன்று இதில் இருக்கிறது. சான்றொப்பம் தர வேண்டியது நீங்கள் வசிக்கும் மாநிலம் அல்ல, சான்றிதழை வழங்கிய மாநிலம். கடலூரில் பள்ளியும் புதுச்சேரியில் கல்லூரியும் படித்தவர் இரண்டு அரசுகளின் வாசலிலும் ஏற வேண்டும். புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் நடந்தவை. அந்த +2 சான்றிதழை வழங்கியது சென்னையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம். எனவே புதுச்சேரியை விட்டு ஒருநாளும் வெளியே படிக்காதவரும் பள்ளிச் சான்றுக்குத் தமிழ்நாட்டு அரசிடம்தான் போக வேண்டியிருக்கும். இது தெரியாமல் புதுச்சேரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பது வழக்கமாக நடக்கிறது.

அப்போஸ்தில் ஆனபின் இத்தாலிய மொழிபெயர்ப்பு. பின்னர் பட்டத்தின் மதிப்பை உறுதிசெய்ய தூதரகம் தரும் மதிப்புச் சான்று, அல்லது ரோமில் உள்ள சிமேயா அமைப்பின் ஒப்பீட்டுச் சான்று. இரண்டில் எதை ஏற்போம் என்பதைச் சேரப்போகும் நிறுவனம்தான் சொல்லும். கேட்காமல் ஒன்றுக்குப் பணம் கட்டிவிடக் கூடாது. யூனிவர்சிட்டாலி இணையதளத்தில் முன்பதிவு செய்து, நிறுவனம் அதை ஏற்றபிறகுதான் படிப்பு விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். விசாக் கட்டணம் 50 யூரோ. ஓராண்டுச் செலவுக்கு ஏறத்தாழ 7,000 யூரோ இருப்பு காட்ட வேண்டும். இந்தத் தொகை ஆண்டுதோறும் சற்று மாறும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் தேவை. நேர்காணல் நேரம் கிடைப்பது கோடையில் கடினமாகிவிடும் என்பதால், அக்டோபரில் வகுப்பு என்றால் அப்போஸ்தில் வேலையை அதற்கு முந்தைய பொங்கல் கழிந்ததுமே தொடங்கிவிட வேண்டும்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாதையில் பாதி இல்லை. புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த, 1956-ல் கையெழுத்தாகி 1962-ல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் வழிவந்தவர்கள் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களாகவே இத்தாலிக்குப் போகிறார்கள். விசாவும் வேண்டாம், வசிப்பு அனுமதியும் வேண்டாம். ஆனால் சான்றிதழ் இந்தியாவில் வாங்கியதாக இருந்தால் அப்போஸ்திலும் மதிப்புச் சான்றும் அவர்களுக்கும் தேவைப்படும்.

உதவித்தொகை: இங்கிருந்தே எடுத்துப் போக வேண்டியவை

தொஸ்கானா மாகாணத்தின் டி.எஸ்.யு. என்ற மாணவர் நல அமைப்பு, குடும்ப வருமானத்தை வைத்து உதவித்தொகை தருகிறது. பணம், மாணவர் உணவகத்தில் சாப்பாடு, விடுதி இடம் அல்லது வாடகைக்கு உதவி, கூடவே கல்விக் கட்டண விலக்கு. கடலூர் மாவட்டத்து நடுத்தரக் குடும்பங்களில் பல இந்த வருமான வரம்புக்குள் வந்துவிடும். அப்படியும் பலர் இழப்பதற்குக் காரணம், தாசில்தார் தரும் வழக்கமான வருமானச் சான்றை மட்டும் எடுத்துப் போவது. அதில் ஆண்டு வருமானம் ஒற்றை எண்ணாக மட்டும் இருக்கும். அவர்கள் கேட்பது வேறு: குடும்பத்தில் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன வருமானம், சொந்த வீடு உண்டா, எத்தனை சதுர மீட்டர், ஆண்டு இறுதியில் வங்கி இருப்பு எவ்வளவு. அதுவும் நடப்பு ஆண்டுக்கு அல்ல, இரண்டு ஆண்டுக்கு முந்தைய கணக்கு. 2025 மதிப்பீட்டுக்கு 2023-ன் வருமானம். எல்லாவற்றுக்கும் அப்போஸ்திலும் மொழிபெயர்ப்பும் வேண்டும்.

வீட்டுப் பரப்பில் கவனம் தேவை. வெளிநாட்டில் உள்ள வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 500 யூரோ என்று ஒரே மதிப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 1,000 சதுர அடி வீடு 93 சதுர மீட்டர்; அதாவது 46,500 யூரோ. பத்திரத்தில் உள்ள மனையின் மொத்தப் பரப்பைக் கவனமில்லாமல் வீட்டுப் பரப்பு என்று எழுதிவிட்டால் மதிப்பு பல மடங்காகி உதவித்தொகை போய்விடும். கட்டிய பரப்பு தனியே, மனை தனியே எழுதி வாங்க வேண்டும்.

அங்கே இறங்கிய 8 வேலை நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும். பெரிய தபால் நிலையங்களில் உள்ள ஸ்போர்த்தெல்லோ அமிக்கோ கவுன்ட்டரில் விண்ணப்பக் கட்டு இலவசமாகத் தருவார்கள். 16 யூரோ வருவாய் முத்திரை, தபால் கட்டணம் 30, அட்டைக்கு 30.46, ஓராண்டு வரையான அனுமதிக்கு 40, மொத்தம் 116.46 யூரோ. அவர்கள் தரும் ரசீதை அட்டை வரும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அட்டை வர மாதங்கள் ஆகலாம். இடையில் விசா முடிந்துவிட்டால், ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு வேறு ஷெங்கன் நாட்டு (பொது விசா கொண்ட ஐரோப்பிய நாடுகள்) விமான நிலையம் வழியாகப் போய்வர முடியாது. பிராங்பர்ட், பாரிஸ் வழியாகச் சென்னைக்கு டிக்கெட் எடுத்தவர் மாட்டிக்கொள்வார். துபாய், தோஹா வழி என்றால் சிக்கலில்லை.

மருத்துவக் காப்பீட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அரசு மருத்துவத் திட்டத்தில் மாணவர் தாமாகச் சேர 2024 முதல் ஆண்டுக்கு 700 யூரோ. ஆனால் அந்த ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். அக்டோபரில் கட்டினாலும் டிசம்பர் 31-டன் தீர்ந்துவிடும். முதல் மூன்று மாதத்துக்குத் தனியார் காப்பீடு எடுத்துக்கொண்டு ஜனவரியில் சேர்வதே கட்டிவரும்.

ஊரைப் பார்க்கும் விதம்

இவ்வளவு கலை ஒரே ஊரில் தங்கியிருப்பதற்கு ஒரு பெண்ணின் கையெழுத்து காரணம். மெதிச்சி வம்சத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா, 1737-ல் செய்துகொண்ட குடும்ப உடன்படிக்கையில், குடும்பத்தின் ஓவியம், சிற்பம், நூலகம் எதுவும் ஃபிளாரன்ஸை விட்டு வெளியே போகக் கூடாது என்று எழுதிவைத்தார். அவர் 1743-ல் மறைந்தார். மற்ற அரச குடும்பங்களின் சேகரிப்புகள் சிதறிப்போன காலத்தில் இது நிலைத்துவிட்டது. இதைத் தவிர, எடுத்துப் போகவே முடியாத கலை ஒன்றும் அந்த ஊரில் இருக்கிறது: சுவரோவியம். மாணவர் தன் நேரத்தை அதற்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. உஃபிட்சியில் போத்திச்செல்லியின் ஓவியங்களைப் பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். சாந்தா திரினித்தா தேவாலயத்தில் ஓவியர் கிர்லாந்தாயோ 1480-களில் தீட்டிய சஸ்ஸெத்தி சிற்றாலயத்துக்கு முன் பல நேரம் நான்கு பேர்கூட இருப்பதில்லை. நுழைவும் இலவசம். விளக்கெரிய நாணயம் போட வேண்டும், அவ்வளவுதான்.

சுவரோவியம் எப்படி உருவாகிறது என்பதை நம் ஊர்ச் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்த்தவர்கள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். முதலில் மணலும் சுண்ணாம்பும் சேர்ந்த முரட்டுப் பூச்சு. அதன்மேல் செம்மண் நிறத்தில் கோட்டு வரைவு. பிறகு அன்றைக்கு எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும் மெல்லிய கடைசிப் பூச்சு. அது ஈரமாக இருக்கும் சில மணி நேரத்துக்குள் தண்ணீரில் குழைத்த நிறத்தைத் தீட்ட வேண்டும். பசை எதுவும் கிடையாது. சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாக மாறும்போது நிறத்துகள் அந்தப் படிகத்துக்குள் சிறைப்படுகிறது. சுவரும் ஓவியமும் ஒரே பொருளாகிவிடுகின்றன.

ஒவ்வொரு நாள் பூச்சும் முந்தைய நாள் பூச்சின் விளிம்பைச் சற்று மூடி நிற்கும். பக்கவாட்டு ஒளியில் பார்த்தால் அந்த விளிம்புகள் தெரியும். ஓவியர் எந்த இடத்தில் தொடங்கினார், ஒரு முகத்துக்கு ஒரு முழு நாள் எடுத்தாரா என்பதை அப்படியே படிக்கலாம். சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் மசாச்சோ 1427 அளவில் தீட்டிய 'திரித்துவம்' ஓவியத்தில் நூல் அடித்த கோடுகளும் ஈரப்பூச்சில் கீறிய வளைவுகளும் இன்றும் இருக்கின்றன. ஒரு சிறு இருகண் நோக்கி வாங்கிக்கொண்டு போனால் தரையில் நின்றே பார்க்கலாம். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது போதும்.

ஈரப்பூச்சில் தீட்டியதற்கும் காய்ந்த சுவரில் தீட்டியதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய சாந்தா க்ரோச்சே தேவாலயத்துக்குப் போக வேண்டும். அங்கே பார்தி, பெருட்சி என்ற இரண்டு சிற்றாலயங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டும் ஓவியர் ஜியோத்தோவின் வேலை. பார்தி பெரும்பாலும் ஈரப்பூச்சு ஓவியம். இடையில் வெள்ளையடித்து, கல்லறை மாடங்களைச் சுவரோடு பதித்து, அந்த இடங்களில் ஓவியம் அழிந்தே போனது. ஆனால் மிஞ்சிய இடத்தில் முகங்கள் உறுதியாக இருக்கின்றன. பெருட்சி பெரும்பாலும் காய்ந்த சுவரில் பசையோடு தீட்டியது. அங்கே உருவங்கள் நிழலாக மங்கிவிட்டன. பசை மக்கியதும் நிறத்துக்குப் பிடிமானம் போய்விட்டது. மற்ற சுவரோவியங்களில் மரியாளின் நீல ஆடை மட்டும் உதிர்ந்து வெறுமையாக இருப்பதற்கும் காரணம் இதுதான்: அசுரைட் என்ற நீலக் கனிமத்தை ஈரச் சுண்ணாம்பில் நம்பித் தீட்ட முடியாது, காய்ந்தபின் பசையோடுதான் வைப்பார்கள்.

1966 நவம்பர் 4-ஆம் தேதி ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்தது. சேறும் வீடுகளை வெப்பமூட்ட வைத்திருந்த எரியெண்ணெயும் கலந்த தண்ணீர். ஓவியர் சிமாபூவேயின் பெரிய சிலுவை ஓவியம் நிறத்தில் பாதிக்கு மேல் இழந்தது. தெருச் சுவர்களில் அன்றைய நீர்மட்டத்தைப் பொறித்த கற்பலகைகள் இன்றும் உள்ளன. தானே புயலையும் ஃபெஞ்சல் மழையையும் கண்ட நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்: சுவர் கெடுவது நனையும்போது அல்ல, காயும்போது. உள்ளே போன உப்பு நீரோடு மேற்பரப்புக்கு வந்து படிகமாகும். பூச்சு பொரிந்து கொட்டும். ஃபிளாரன்ஸிலும் அதேதான். வெள்ளம் வடிந்து வாரங்கள், மாதங்கள் கழித்தே பல ஓவியங்களில் உப்பு பூத்தது. சிலவற்றைச் சுவரிலிருந்து உரித்தெடுத்து வேறு பலகைக்கு மாற்றினார்கள். அப்படி உரித்தபோது அடியில் இருந்த செம்மண் கோட்டு வரைவுகள் வெளிப்பட்டன.

உரிக்காமலே காப்பதற்கு வேதியியலாளர் என்ஸோ ஃபெர்ரோனியும் சீரமைப்பாளர் தீனோ தீனியும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். சுவரில் உருவான ஜிப்சம் என்ற கால்சியம் சல்பேட் உப்பை முதலில் அம்மோனியம் கார்பனேட் ஒத்தடத்தால் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுவது. மிஞ்சும் சல்பேட்டைப் பேரியம் ஹைட்ராக்சைடால் தண்ணீரில் கரையாத பேரியம் சல்பேட்டாகக் கட்டிப்போடுவது. கரையாத உப்பு நகராது, நகராத உப்பு பூச்சைத் தள்ளாது. சான் மார்க்கோ மடத்தில் ஃபிரா ஆஞ்செலிக்கோவின் ஓவியத்தில் இது செய்யப்பட்டது. அந்த மடத்தின் மாடிப்படி முடியும் இடத்தில் வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் 'மங்கள வார்த்தை' ஓவியம் எதிரே நிற்கும். பிறகு அறை அறையாகத் துறவிகள் தனித்திருந்து பார்த்த ஓவியங்கள். ஒரே நாளில் எல்லா அறையையும் முடிக்க நினைக்கக் கூடாது.

நடைமுறையாகச் சில. அரசு அருங்காட்சியகங்கள் பலவும் திங்கள் விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு அனைவருக்கும் இலவசம் என்பதால் அன்று கூட்டம் நெரியும். மாணவர் அன்று சிறு தேவாலயங்களுக்கும் போக வேண்டாம், காலையில் வழிபாடு நடக்கும். சிறு தேவாலயங்கள் நண்பகலில் மூடி மாலையில் திறப்பவை. பிரான்காச்சி சிற்றாலயத்துக்கு நேரம் குறித்து முன்பதிவு தேவை, உள்ளே நிற்கும் நேரமும் வரையறுத்தது. சாந்தபொல்லோனியா என்ற பழைய மடத்தில் கஸ்தாஞ்ஞோ 1447-ல் தீட்டிய 'கடைசி இராவுணவு' நெடுங்காலமாகவே இலவசம். வரைவதற்குப் பென்சிலும் சிறு நோட்டும் பொதுவாகத் தடையில்லை. மை, நீர்வண்ணம், சட்டகம் என்றால் அனுமதி கேட்க வேண்டும்.

சீரமைப்பையே தொழிலாகக் கொள்ள நினைப்பவர்களுக்கு அங்கே ஒப்பிஃபிச்சோ தெல்லே பியெத்ரே தூரே இருக்கிறது. 1588-ல் மெதிச்சிகள் தொடங்கிய கல்லிழைப்புப் பட்டறை, இன்று உலகறிந்த சீரமைப்பு நிறுவனம். வெள்ளத்தில் மூழ்கிய வசாரியின் 'கடைசி இராவுணவு' பலகை ஓவியத்தை மீட்டு, சரியாக 50 ஆண்டு கழித்து 2016-ல் சாந்தா க்ரோச்சேயில் திரும்ப வைத்தவர்கள் இவர்கள்தாம். இவர்களின் ஐந்தாண்டுப் பள்ளியில் இடம் மிகச் சில. வரைதல், நிறத்தைக் கண்டறியும் திறன், பிறகு கலை வரலாறும் அறிவியலும் கேட்கும் வாய்மொழித் தேர்வு, எல்லாம் இத்தாலியத்தில். +2-வில் வேதியியல் படித்தவருக்கு அது பெரிய துணை.

அப்படிப் படித்துவருபவருக்கு இங்கே வேலை இல்லாமல் போகாது. 1931-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றுப்பாதையில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டவர் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே.கோவிந்தசாமி. சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ்.பரமசிவன், அந்தச் சோழ ஓவியங்கள் ஈரச் சுண்ணாம்பில் தீட்டியவை என்று ஆய்ந்து சொன்னார். பின்னாளில் தொல்லியல் துறை நாயக்கர் படலத்தைச் சில இடங்களில் உரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்தது. விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில் ஒரு பல்லவ ஓவியம் சிதைந்து நிற்கிறது. புதுச்சேரியின் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் ஒட்டுப்போட்டு, ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு கழன்று விழுந்துகொண்டிருக்கிறது.